சின்னவனின் கைப்பேச்சு

ஜூன் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

இரண்டு விமானம் மாறி நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பெட்டியும் தொலையவில்லை, நானும் தொலையவில்லை. நீ, அப்பா, சின்னவன் மூவரும் சுகமா? அப்பா இந்த முறை லாரியை எந்தப் பக்கம் ஓட்டிப் போயிருக்கிறார்?

முகாம் வாசலிலேயே எல்லோருடைய ஃபோனையும் வாங்கிப் பையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். கோடை முழுக்கக் கடிதம் மட்டும்தானாம். "பக்கத்துல இருக்கறவங்களோட பேசிப் பழகத்தான் வந்திருக்கீங்க" என்கிறார் முகாம் தலைவி. பேச யாருக்கு என்ன மொழி தெரியும்? மரத்தால் கட்டிய ஒரு நீள அறையில் எட்டுப் பெண்கள், எட்டு தேசம். எனக்கு மேல் கட்டிலில் படுப்பவள் பெயர் என் வாயில் நுழையவில்லை, என் பெயர் அவள் வாயில் நுழையவில்லை. நான் அவளுக்கு மேல்கட்டில் என்று பெயர் வைத்துவிட்டேன். அவள் எனக்கு என்ன வைத்திருக்கிறாளோ, கடவுளுக்கே வெளிச்சம். ராத்திரி அவள் புரண்டு படுத்தால் என் தலையில் தூசி கொட்டுகிறது.

அம்மா, ஒரு விஷயம். பஸ் ஸ்டாப்பில் சின்னவன் எப்போது வருவாய் என்று கேட்டான். எங்கள் கைப்பேச்சில் நேற்று, இன்று, நாளை மட்டும்தான் இருக்கிறது. அதற்கு மேல் நாங்கள் பிரிந்ததே இல்லையே, அதனால் தேவைப்படவும் இல்லை. பஸ் வேறு வந்துவிட்டது. கன்னத்தில் கையை வைத்து, கண்ணை மூடித் திறந்து, நாளைக்கு வந்துவிடுவேன் என்று காட்டிவிட்டு ஏறிவிட்டேன். நீதான் எப்படியாவது அவனுக்குப் புரியவைக்க வேண்டும். நான் சொல்லிக்கொடுத்தபோது சிரித்துக்கொண்டே எழுந்து போனாய் இல்லையா, இப்போது படு. தாகம் என்றால் கீழ் உதட்டில் கட்டைவிரல். பிடிக்கவில்லை என்றால் தோளைத் தட்டிவிடுவான். சந்தோஷம் என்றால் காதை இழுத்துக்கொள்வான். நீ என்றால் இரண்டு கையையும் அகலமாகப் பிடித்து, கிட்டே கொண்டுவந்து, ஆஸ்பத்திரிப் போர்வை மடிப்பது மாதிரி செய்வான். அப்பா என்றால் ஸ்டீயரிங். இவ்வளவு தெரிந்தால் போதும், குடும்பம் நடத்தலாம்.

அவனுக்கு என் சார்பில் ஒரு குட்டு, ஒரு முத்தம்.

உன் வாயாடி மகள்


ஜூன் 16

என் வாயாடிக்கு அம்மா எழுதுவது,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சௌக்கியம். நீ உடம்பைப் பார்த்துக்கொள். தலையில் தூசி கொட்டினால் தலைமாட்டை மாற்றிப் படு, இதெல்லாமா நான் எழுதிச் சொல்ல வேண்டும்?

இதை ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இஸ்திரி போடுகிற பெரிய பிரஸ் மெஷின் ரிப்பேர் ஆகி நிற்கிறது. மெக்கானிக் வருகிற வரைக்கும் எங்களுக்கு ஓய்வு. அவர் வந்ததும் மலை மாதிரி குவிந்திருக்கிற போர்வை எல்லாம் எங்கள் தலையில்தான் விழும். சூப்பர்வைசர் இப்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறார்.

அப்பா போன வாரம் வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போனார். உன் கட்டில் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "வீடு என்ன இவ்ளோ அமைதியா இருக்கு"ன்னு கேட்டார். அப்புறம் ரேடியோவைப் போட்டார்.

சின்னவன் நன்றாக இருக்கிறான். காலையில் நான் எழுப்புவதற்கு முன்னாலேயே எழுந்துவிடுகிறான். பள்ளிக்கூடமும் லீவு, ஆகவே பஸ் ஸ்டாப் பக்கம் கொஞ்சம் காற்றாட நின்றுவிட்டு வருகிறான். நான் வேலைக்கு வந்தபின் கீழ்வீட்டுத் தையல்காரம்மா பார்த்துக்கொள்கிறார். சாப்பாடு எல்லாம் சரியாகத்தான் போகிறது. நீ அவனை நினைத்துக்கொண்டே இராதே. அவன் என்ன கைக்குழந்தையா, பத்து வயதாகிறது. நீ போன இடத்தை நன்றாகப் பார். அங்கே ஏரி இருக்கிறது என்று நோட்டீசில் படம் போட்டிருந்தார்களே, நீச்சல் கற்றுக்கொண்டாயா? ஆழத்துக்குப் போகாதே.

பிரஸ் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. முடிக்கிறேன்.

அன்புடன் அம்மா


ஜூன் 27

அன்பு அம்மாவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். நீச்சல் கற்றுக்கொண்டேன், ஆழத்துக்குப் போகவில்லை, தலைமாட்டையும் மாற்றிவிட்டேன். போதுமா?

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. இங்கே ஒவ்வொருவரும் தன் ஊரிலிருந்து ஏதாவது ஒன்றை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். முகாமின் முக்கியமான சடங்கே அதுதான். ஒருத்தி ஆடினாள். ஒருவன் கயிற்றில் ஏழெட்டு முடிச்சு போட்டுக் காட்டினான். மேல்கட்டில் ஒரு பாட்டுப் பாடினாள், பாதி பேர் அழுதுவிட்டார்கள். என் முறையும் நெருங்கிக்கொண்டே வந்தது. எனக்கு ஆடவும் வராது. பாட்டு எப்படி வரும் என்று உனக்கே தெரியும்.

மேடையில் ஏறி மரம் மாதிரி நின்றேன். தொண்டை வறண்டு போயிற்று. என்னை அறியாமல் கட்டைவிரலைக் கீழ் உதட்டில் வைத்தேன். முன்வரிசையில் இருந்த ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்! எப்படிப் புரிந்ததோ. அப்படியே பிடித்துக்கொண்டேன். என் தம்பிக்குக் காது கேட்காது, நாங்கள் இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்து இப்படித்தான் பேசிக்கொள்வோம் என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லி, ஒவ்வொன்றாகச் செய்து காட்டினேன். அறுபது பேர் ஒரே நேரத்தில் காதை இழுத்துக்கொண்டார்கள் அம்மா. நீ பார்த்திருக்க வேண்டும்.

இப்போது முகாமே அதில்தான் பேசுகிறது. ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாததால் இது எல்லோருக்கும் சௌகரியமாகப் போய்விட்டது. சாப்பாட்டு அறையில் உப்பு வேண்டும் என்றால் கை. ஏரியில் தூரத்திலிருந்து கூப்பிட வேண்டும் என்றால் கை. பிடிக்காத சாப்பாடு வந்தால் ஒரு மேஜை முழுக்கத் தோளைத் தட்டிவிடுகிறது. சமையல்காரர் முதலில் சிரித்தார், இப்போது கோபித்துக்கொள்கிறார். அவனைத் தெரியாத ஊரில், அவனைப் பார்க்காத அத்தனை பேரும் நம் சின்னவன் மாதிரியே பேசுகிறார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இதை அவனிடம் சொல். ஏரி, படகு, நிறைய பேர், எல்லோரும் உன்னைப் போல என்று காட்டு. அவன் என்ன பதில் சொன்னான் என்று அப்படியே எழுது. கையை எப்படி வைத்தான், முகத்தை எப்படி வைத்தான் என்றும் எழுது.

முத்தங்களுடன்,
உன் மகள்


ஜூலை 13

மகளுக்கு,

சௌக்கியம். பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. ஆஸ்பத்திரியில் வேலை அதிகம். அப்பாவும் வந்து கொஞ்ச நாள் இருந்தார்.

நீ எழுதியதைச் சின்னவனிடம் காட்டினேன். அவனுக்கு ரொம்ப சந்தோஷம். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் குலுக்கினான். சிரித்தான். நன்றாகச் சாப்பிடுகிறான்.

நீ ஒவ்வொரு கடிதத்திலும் அவனைப் பற்றியே கேட்கிறாய். உன்னைப் பற்றி எழுது. அங்கே புதிய சிநேகிதிகளோடு நன்றாக இரு. ராத்திரி குளிர்கிறதா? அந்த நீலக் கம்பளிச் சட்டையைப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன், தேடிப் பார்.

அம்மா


ஜூலை 22

அன்புள்ள அம்மா,

நான் சுகம். நீலச் சட்டை கிடைத்தது. அங்கே எல்லோரும் சுகம் என்று எழுதியிருந்தாய். நிஜமாகவா?

சந்தோஷத்துக்குச் சின்னவன் காதைத்தானே இழுப்பான்? கையைத் தலைக்கு மேல் தூக்கிக் குலுக்குவது எங்கள் பேச்சில் கிடையவே கிடையாது. யார் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? தையல்காரம்மாவா? அந்த அம்மா ஊசியில் நூல் கோக்கவே அடுத்தவரைக் கூப்பிடுகிறவர். நீ அவனிடம் சொல்லாமலேயே சொன்னதாக எழுதினாயா? அப்படியானால் கோபம் இல்லை, ஒத்துக்கொள்.

இன்னொன்றும் என் மனதைப் போட்டு அரிக்கிறது. போன வாரம் படகுப் போட்டி எப்போது என்று மேல்கட்டில் கையால் கேட்டாள். அடுத்த வாரம் என்று சொல்ல எனக்குக் கை வரவில்லை. உங்கள் வீட்டில் நாளைக்கு மேல் ஒன்றும் நடக்காதா என்று கேட்டு எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு அவர்களே உட்கார்ந்து யோசித்து, விரல்களை வரிசையாக மடக்குவது வாரம், உள்ளங்கையை வட்டமாகத் தடவினால் மாதம் என்று செய்துவிட்டார்கள். ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவு சுலபமான வேலையை இத்தனை வருடம் நான் செய்யவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. அவனிடம் நாளை என்று சொல்லிவிட்டு வந்தேனே அம்மா. அவன் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான்?

ஒரு செய்தி, நல்லதுதான் என்று நினைக்கிறேன். முகாம் தலைவி கூப்பிட்டுப் பேசினார். இங்கிருந்து இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து ஒரு வருடம் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்க வைப்பார்களாம். ஒரு குடும்பத்தோடு தங்கலாமாம். இரண்டு பேரில் நானும் ஒருத்தி. எல்லாம் இந்தக் கைப்பேச்சால்தான். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஒரு வருடம் என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வது என்று நீ சொல், பிறகு நான் பதில் சொல்கிறேன்.

மகள்


ஆகஸ்ட் 1

என் செல்ல மகளுக்கு,

நாங்கள் எல்லோரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

நீ எழுதியதைப் படித்துவிட்டு, மடிக்கிற மேஜைமேல் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். கூட வேலை செய்பவர்கள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார்கள். "எம் பொண்ணை வெளிநாட்டுல படிக்க வைக்கிறாங்க"ன்னு சொன்னேன். சூப்பர்வைசர்கூட வந்து கையைக் குலுக்கினார்.

நீ ஒத்துக்கொள். யோசிக்காதே. நாளைக்கே போய்ச் சரி என்று சொல்.

உனக்கு ஐந்தாறு வயதிலிருந்து நீ அவனுக்கு வாயாக இருக்கிறாய். மற்ற பிள்ளைகள் விளையாடப் போனபோது நீ அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். டாக்டரிடம் நீ, கடையில் நீ, பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்ததும் அவன் வகுப்புக்கு ஓடியது நீ. நானும் அப்பாவும் உன்னைப் பெற்றோமா, அவனுக்கு ஒரு ஆளை வேலைக்கு வைத்தோமா என்று எனக்கே சந்தேகம் வந்ததுண்டு. போதும் கண்ணு. நீ உன் வாழ்க்கையைப் பார். அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். அவன் அம்மா நான்தானே.

அந்தக் கைத் தூக்கல் ஏதோ டிவியில் பார்த்துக் கற்றுக்கொண்டிருப்பான். எல்லாவற்றையும் துருவாதே.

அன்புடன் அம்மா


ஆகஸ்ட் 9

அம்மாவுக்கு,

சுகம்.

டிவி பழுதாகி மூலையில் கிடக்கிறது. நான் கிளம்புவதற்கு முன்பே.

எனக்கு ஒன்றே ஒன்று செய். ஒரு வெள்ளைத் தாளில் சின்னவனின் கையை விரித்து வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு அனுப்பு. வலது கை. சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்திருக்கும், எனக்குத் தெரியும். ஐந்து நிமிட வேலை. அது வந்து சேர்ந்தால் நான் இங்கே சரி என்று சொல்கிறேன், வேறு எதுவும் கேட்கமாட்டேன். வராவிட்டால் எனக்கு இந்தப் படிப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

மகள்


ஆகஸ்ட் 18

மகளே,

நீ சுகமாக இரு. கை அனுப்ப முடியவில்லை. அவன் வீட்டில் இல்லை.

பயப்படாதே, உயிரோடு நன்றாக இருக்கிறான். முதலில் அதைச் சொல்லிவிட்டேன். இனி மற்றதைப் படி.

நீ போன மறுநாள் விடிந்ததும் பஸ் ஸ்டாப்புக்குப் போனான். ஒவ்வொரு பஸ்ஸாக எட்டிப் பார்த்துவிட்டு இருட்டும்போது திரும்பிவந்தான். அதற்கு மறுநாளும் அப்படியே. எனக்குத் தெரிந்த மாதிரி எல்லாம் சொல்லிப் பார்த்தேன். கன்னத்தில் கையை வைத்து, மறுபடி வைத்து, மறுபடி மறுபடி வைத்தேன். அவன் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். கொஞ்ச நாளில் என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். நான் கையை ஆட்டினால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். ஒரு வீட்டில் நானும் என் பிள்ளையும் மட்டும். தெரியாத ஆள் வீட்டில் தங்கியிருப்பது மாதிரி இருந்தது எனக்கு. அவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஜூன் கடைசியில் ஒரு நாள் நீ போன நம்பர் பஸ்ஸில் அவனே ஏறிவிட்டான். தையல்காரம்மா ஆஸ்பத்திரிக்கே ஓடிவந்து சொன்னார். நான் போட்டது போட்டபடி ஓடினேன். அப்பா எங்கோ ரோட்டில் இருந்தார். பகல் முழுக்க டிப்போ டிப்போவாக அலைந்தேன். முகாமில் அவசரத்துக்கு என்று கொடுத்த நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அடிக்கவில்லை. அடித்தால் நீ அடுத்த விமானத்தில் வந்துவிடுவாய், பிறகு எங்கேயும் போகமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலம் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் இருந்தான். கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர் கொண்டுவந்து விட்டிருக்கிறார். நல்ல வெயில் காலம், அவன் மடியில் தடிமனான கம்பளிப் போர்வை. அங்கே இருந்த போலீஸ்காரம்மா, "காலையிலேர்ந்து இதையேதான் காட்டுறான். போர்வை கேக்குறான்னு எடுத்துக் குடுத்தேன். வாங்கிக்கிட்டு மறுபடியும் கேக்குறான்"ன்னு சொல்லிக் காட்டினார். இரண்டு கையையும் அகலமாகப் பிடித்து, கிட்டே கொண்டுவந்து.

காலையிலிருந்து அவன் என்னைத்தான் கேட்டிருக்கிறான். அவர்களை என்ன சொல்வது? பெற்ற எனக்கே நீ எழுதிய கடிதத்தைப் படித்துத்தானே அது தெரியும்.

அடுத்த வாரம் அவனைக் காது கேளாத பிள்ளைகளின் விடுதிப் பள்ளியில் சேர்த்தேன். வேறு ஊர், ரயிலில் போக வேண்டும். முன்பே டாக்டர் சொன்ன இடம்தான். வீட்டில் நீ இருந்ததால் நாங்கள் அசட்டையாக இருந்துவிட்டோம். அவனை அங்கே விட்டுவிட்டுப் போகப்போகிறேன் என்று எப்படிச் சொல்வேன்? முற்றத்தில் பிள்ளைகள் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் வாயைத் திறந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து நான் நழுவிவிட்டேன். திரும்பிப் பார்த்துவிடுவானோ என்று பயந்துகொண்டே கேட் வரைக்கும் நடந்தேன். பார்க்கவில்லை. ரயிலில் வீடு வரைக்கும் அழுதேன்.

பிறகு ஒருமுறை போய்ப் பார்த்தேன். அப்போதுதான் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் குலுக்கினான். அங்கே கைதட்டுவது அப்படித்தானாம்.

நீ வராதே. அங்கேயே படி. இது ஒன்றைத்தான் உன்னிடம் கேட்கிறேன்.

அம்மா


ஆகஸ்ட் 28

அம்மா,

அவனை நாளை நாளை என்று காக்கவைத்தது நான். ஆனால் நீயும் என்னை ஏமாற்றினாய். ஏரி, படகு என்று கூத்தடித்துக்கொண்டிருந்தேனே, அவன் ஸ்டேஷனில் போர்வையோடு உட்கார்ந்திருந்த நேரத்தில் இங்கே அறுபது பேர் அவன் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர், ஒரே ஒருத்தர் அந்த ஸ்டேஷனில் இருந்திருக்கக் கூடாதா?

படிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முகாம் தலைவி வருத்தப்பட்டார். மேல்கட்டில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

மூன்றாம் தேதி வருகிறேன். வீட்டுக்கு வரமாட்டேன், நேரே அவனிடம் போகிறேன். அவனைக் கூட்டிக்கொண்டுதான் வருவேன். அவனுக்குத் தனியாக ஒரு பள்ளிக்கூடம் தேவையில்லை, அவனுக்கு நான் இருக்கிறேன். நான் வரும் வரைக்கும் உடம்பைப் பார்த்துக்கொள். கோபம் குறையவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

மகள்


செப்டம்பர் 5

அன்புள்ள அம்மாவுக்கு,

பள்ளியின் விருந்தினர் அறையிலிருந்து எழுதுகிறேன். ஃபோன் கையில்தான் இருக்கிறது. பேசினால் உடைந்துபோவேன், அதனால்தான் கடிதம், வந்ததும் உன் கையில் கொடுத்துவிடுகிறேன். நான் சுகம்தான். உனக்கு எப்படி இருக்கிறது? இரண்டு வேளையாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். சின்னவனைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் சுவரோரம் தேடினேன், நம் பள்ளிக்கூடத்தில் எப்போதும் அங்கேதானே நிற்பான். அவன் நடுவில் இருந்தான். சுற்றிலும் ஏழெட்டுப் பிள்ளைகள். ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தான் அம்மா. கை பறக்கிறது, புருவம் ஏறி இறங்குகிறது, எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவன் பத்து பேருக்கு நடுவில் நின்று பேசி நான் பார்த்ததே இல்லை. என்ன கதை என்று எனக்கு ஒரு அட்சரம் புரியவில்லை.

என்னைப் பார்த்ததும் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டான். வளர்ந்திருக்கிறான். பிறகு விலகி நின்று மளமளவென்று பேசினான். நான் விழித்தேன். மறுபடி பேசினான், மெதுவாக. அப்போதும் எனக்குப் புரியவில்லை. நான் நம்முடைய பேச்சில் ஆரம்பித்தேன். போர்வையை மடித்து, ஸ்டீயரிங்கைச் சுற்றி, அம்மாவும் அப்பாவும் காத்திருக்கிறார்கள், வா, வீட்டுக்குப் போகலாம் என்றேன். முகாமில் செய்த மாதமும் வாரமும் காட்டினேன். உன்னை விட்டுப் போனது இவ்வளவு நாள் என்று சொல்ல வந்தேன்.

அவன் சட்டென்று திரும்பி, சிநேகிதர்கள் பார்க்கிறார்களா என்று பார்த்தான். பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் முகம் சிவந்துவிட்டது. என் இரண்டு கைகளையும் பிடித்துக் கீழே இறக்கிவிட்டான்.

முரட்டுத்தனமாக இல்லை அம்மா. எழுந்து நின்று குறும்பு செய்கிற குழந்தையை உட்காரவைப்பதுபோல, மெதுவாகத்தான். ஆனால் மறுபடி தூக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய பேச்சு அது. அவன் அதற்கு வெட்கப்படுகிறான்.

பிறகு போய்த் தன் ஆசிரியரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான். அவருக்குக் காது கேட்கும், இரண்டு பேச்சும் தெரியும். சின்னவன் அவரிடம் ஏதோ நீளமாகச் சொன்னான். அவர் தயங்கினார். நான் பரவாயில்லை, சொல்லுங்கள் என்றேன்.

"இது எங்க அக்கா, ரொம்ப நல்லவங்க, ஆனா அவங்களுக்குப் பேசத் தெரியாது. கொஞ்சம் உதவி பண்ணுங்கன்னு சொல்றான்" என்றார்.

வீட்டுக்கு வருகிறாயா என்று அவர் மூலமாகக் கேட்டேன். லீவு விட்டதும் வருகிறேன், இப்போது முடியாது, நாடகத்தில் எனக்குப் பெரிய வேஷம் என்றான். அம்மாவையும் அப்பாவையும் நாடகத்துக்கு வரச் சொல்லுங்கள் என்றான். நான் எதற்காக வந்தேன் என்பது அவன் மனதில் ஓடவே இல்லை. நன்றாக இருக்கிறான் அம்மா. நீ செய்தது சரி. அதை எழுதுகிறபோது எனக்கு நெஞ்சு வலிக்கிறது, ஆனாலும் சரி. சனிக்கிழமை தோறும் வந்தால் சின்னக் குழந்தைகளோடு உட்காரவைத்து எனக்கும் சொல்லித்தருகிறார்களாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். தைரியம் இருந்தால் நீயும் வா.

அடக்கிக்கொண்டுதான் நின்றேன், முடியவில்லை. அவன் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். கண்ணைத் துடைத்துவிட்டான். ஆசிரியரைப் பார்த்துக் கேட்டான்.

"நீங்க ஏன் அழுறீங்கன்னு கேக்கறான். என்னன்னு சொல்லட்டும்?" என்றார் அவர்.

எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். அவர் கையால் அவனுக்குச் சொன்னார். நான் சொன்னதைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்த மாதிரி தெரிந்தது. சின்னவன் அவர் கையையே பார்த்து, தலையை ஆட்டினான். அவர் சரியாகச் சொன்னாரா, ஏதாவது விட்டுவிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை. இத்தனை வருடமும் நீ என் பக்கத்தில் இப்படித்தானே நின்றிருப்பாய் அம்மா?

நாளை காலை ரயிலில் வருகிறேன்.

உன் மகள்